மனைத் தோட்டம்: ஓர்க்கிட் மறுமுறை பூக்க

பூத்து நிற்கும் ஓர்க்கிட் செடியை விலைகொடுத்து வாங்கி வருதல் எளிது. அதனை மறு ஆண்டும் பூக்கச் செய்தலே அரிது. "நாள் தவறாது நீர் ஊற்றுகிறோம்; பசளையும் நிறைய இடுகிறோம்; வெயில் படாமல் விறாந்தையின் உட்புறத்திலே வைத்துக் காக்கிறோம்; ஆயினும் ஒரு மொட்டைத்தானும் காணோம்" என்று குறைகூறும் இல்லத்தரசிகள் பலர். அவர்கள் கூறும் குறையிலேயே அதற்குரிய விடையும் அடங்கியிருக்கிறது.

நாமும் முதன்முதல் வளர்த்த செடியை இவ்விதமே இழந்தோம். வேர்கள் யாவும் அழுகிய பின்னரே, நாம் செய்த உபசாரமே அதற்குப் பகையாயிற்று என்பதை உணர்ந்தோம்.

நம் வீடுகளில் வளரும் டென்ரோபியம், வண்டா, பலனோப்சிஸ் ஆகியவை பெரும்பாலும் மண்ணில் வாழ்வன அல்ல. காட்டிலே மரக்கிளைகளைப் பற்றி வளரும் இனங்களின் வழிவந்தவை அவை. எனினும் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. அவற்றின் வேரை வெண்ணிறமான பஞ்சு போன்ற உறை ஒன்று மூடியிருக்கும். மழை பெய்ததும் அவ்வுறை நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகும். காற்றுப் பட்டு உலர்ந்ததும் மீண்டும் வெள்ளி நிறம் பெறும். நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ்ந்தாலே அவ்வேர் நலமாக இருக்கும். எந்நேரமும் ஈரத்திலே கிடக்கும் வேர் காற்றின்றி அழுகிவிடும். மாணவர்கள் உலர்ந்த வேரொன்றில் சில துளி நீர் விட்டு இந்நிறமாற்றத்தைத் தாமே காணலாம்.

ஆகவே சாடியில் மண் இடலாகாது. சிரட்டைக்கரி, உடைந்த ஓட்டுத்துண்டு, தென்னம் பொச்சுத்துண்டு ஆகியவை போதும். பொச்சைச் சில நாட்கள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வடித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நீரைக் காலையில் ஊற்றினால் இலைகள் மாலைக்குள் உலர்ந்துவிடும். வேர் வெள்ளி நிறமாயின் நீர் ஊற்றலாம், பச்சையாயின் பொறுத்திருக்கலாம். சாடியின்றித் தொங்கும் வண்டாவுக்கு மட்டும் வறண்ட காலத்தில் நாள்தோறும் நீர் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுதி. அது வேரிலே படியும். ஆதலின் மழைநீரே சிறந்தது. ஆனால் அந்நீரைச் சேமிக்கும் பாத்திரத்தை மூடிவையுங்கள். சாடியின் கீழே தட்டு வைத்து நீரைத் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு பெருகுவதற்கு அவ்வளவு நீரே போதுமானது.

செடி பூவாமைக்கு மற்றொரு முக்கிய காரணம் ஒளிக்குறைவு. இதனை இலையே சொல்லிவிடும். கடும்பச்சை இலை அழகாகத் தோன்றினும் ஒளி போதாமையையே காட்டும். இளம்பச்சையாயின் ஒளி போதுமானது. மஞ்சளித்து வெந்த தழும்பு காணப்படின் வெயில் மிகுதி. டென்ரோபியத்தைக் காலை வெயில் படும் கிழக்குப் புறத்தில் வைத்து, நண்பகல் வெயிலைப் பாதியளவு மறைக்கும் நிழல்வலை கட்டலாம். வண்டாவுக்கு அதனினும் கூடுதலான ஒளி வேண்டும்.

பலனோப்சிஸின் இயல்பு வேறு. அதற்குக் குறைந்த ஒளி போதும். ஆனால் வெப்பநிலை சில வாரங்களேனும் 25 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ இருந்தாலே பூந்தண்டு எளிதில் தோன்றும். பண்டாரவளையில் அது எளிதில் பூப்பதும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரும்பாலும் இலை மட்டுமே விடுவதும் இதனாலேயே. அது செடியின் குற்றமன்று, வளர்ப்பவரின் குற்றமுமன்று. வெப்பமான ஊர்களில் வாழ்வோர் டென்ரோபியத்தைத் தேர்ந்துகொள்வதே நன்று.

பசளையிலும் மிகுதி ஆகாது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகிய மூன்றும் சம அளவில் உள்ள பசளையை, பொதியிற் கூறிய அளவிலே காற்பங்காகக் கரைத்து, ஈரமான வேருக்குக் கிழமைக்கு ஒருமுறை விட்டால் போதும். மாதம் ஒருமுறை வெறும் நீரால் நன்கு கழுவி, தங்கிய உப்பை நீக்கிவிடுக. டென்ரோபியத்தின் இலையுதிர்ந்த பழந்தண்டு பட்டுப்போனதென்று எண்ணி அதனை வெட்டிவிடாதீர்கள். புதுத் தளிருக்கு உணவளிக்கும் களஞ்சியம் அதுவே. சிலவேளை அதன் நுனியிலேயே பூவும் தோன்றும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வெசாக் காலத்தை ஒட்டிப் பூக்கும் வெசாக் ஓர்க்கிட் உலகில் இலங்கைக்கே உரியது. இன்று அருகி வருவது. அதனைக் காட்டிலிருந்து பெயர்த்து வந்து எவரேனும் விற்பாராயின் வாங்காதீர்கள். அது தன் மரத்திலேயே பூக்கட்டும். நம் முற்றத்துக்குப் பண்ணையிலே வளர்த்த செடிகளே போதும். அவற்றையும், பொழுதெல்லாம் நீர் ஊற்றிக்கொண்டிராமல், நாள்தோறும் ஒருமுறை வேரையும் இலையையும் உற்றுநோக்கி வளர்ப்போமாயின், காலம் வரும்போது அவை பூக்கத் தவறா.