ஆச்சி பெட்டியில் சிக்கிய கார்டு!

ஸ்டடி ஹாலிடேஸ் என்றால் என்ன? படிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்வதற்காக யுனிவர்சிட்டி நமக்குத் தரும் லீவு! இந்தத் தடவை 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' புக்கோடு கோவில்பட்டி பக்கத்தில் இருக்கிற எங்க ஊருக்குப் போய் இறங்கினேன். பையைக்கூட கீழே வைக்கவில்லை, அம்மா ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினாங்க.

"ஏலே, ஈ.சி.இ.தானே படிக்க? இதுக்குள்ள கார்டு சிக்கிக்கிடுச்சு. எடுத்துக் குடு பார்ப்போம்."

பெட்டி எனக்கு நல்லாத் தெரிஞ்ச பார்ட்டிதான். 2016-ல் மாமா எங்க ஆச்சிக்கு வாங்கிக் கொடுத்தது. உள்ளங்கை சைஸ், முன்னாடி ஒரு ஸ்பீக்கர், எஃப்.எம்., பக்கவாட்டில் மெமரி கார்டு போட ஒரு சந்து. பழைய நோக்கியா போன்களில் வருமே, பி.எல்-5சி, அதே பேட்டரி! கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை பெஞ்ச் என்று எல்லா இடத்திலும் தாத்தாக்கள் காதோரம் வைத்துக்கொண்டு டி.எம்.எஸ். கேட்பார்களே... அந்த ஜாதிப் பெட்டி.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமேம்மா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"பெட்டி யாருக்குலே வேணும்? உங்க ஆச்சி பேசுனது அதுக்குள்ளதானே கெடக்கு."

சுருக்கென்றது. அப்போ நான் ஆறாம் கிளாஸ். 'REC' என்று ஒரு பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்து, வீட்டில் ஒருத்தர் விடாமல் பிடித்து உட்காரவைத்துப் பேட்டி எடுத்த மகா நிருபர் நான்தான். ஆச்சி 2021-ல் தவறிட்டாங்க. கல்யாண வீடியோ எதிலும் ஆச்சி பேசி நான் பார்த்ததில்லை. கேமராக்காரர் லைட்டைத் திருப்பினாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிற கேஸ். ஆக, அந்தக் குரல் உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கு. அதுவும் பாதி உள்ளே, பாதி வெளியே!

உடனே வீரம் வந்து நான் பண்ணின முதல் காரியம்... ஆச்சியோட முள்வாங்கியை எடுத்து கார்டு நுனியைப் பிடித்து இழுத்தது. மக்கா, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. மைக்ரோ எஸ்.டி. கார்டு மொத்தமே 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், கனம் ஒரே ஒரு மி.மீ. அடிப்பக்கம் தங்க நிறத்தில் 8 காண்டாக்ட்ஸ். சந்துக்குள்ளே அந்த எட்டையும் தொடுகிற மாதிரி தலைமுடி ரேஞ்சுக்கு மெல்லிசா ஸ்பிரிங் கம்பிகள். இரும்பை விட்டு நெம்பினால் கம்பி வளையும். பேட்டரி உள்ளே இருந்தால் ஷார்ட்டும் ஆகலாம். நம்ம வீட்டுப் பேட்டரியோ உப்பியிருந்தது. அதை முதலில் கழட்டி, குத்தாமல் கொள்ளாமல் தனியா வைத்தேன். (உப்பிய பேட்டரியை அமுக்கி மறுபடி உள்ளே போடும் விஞ்ஞானிகள் எங்க ஹாஸ்டலில் இருக்காங்க. கண்டிக்கிறேன்.)

ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். "குச்சி நுனியில ஒரு சொட்டு ஃபெவிகுவிக் வெச்சு ஒட்டி இழு மச்சி" என்றான். அவன் சிவில். ஒட்டினால் அது ஒட்டிக்கொண்டேதான் இருக்கும், கார்டோடு சேர்த்துச் சந்தும்! இதுக்கு செலோ டேப் எவ்வளவோ மேல். வெளியே தெரிகிற கார்டு நுனியில் மடிச்சு ஒட்டி நேரா இழுக்கணும். பல பேருக்கு இதிலேயே வந்துவிடும். எனக்கு டேப் மட்டும் வந்தது.

கொஞ்சம் உட்கார்ந்து யோசிச்சேன். கார்டை வெளியே எடுக்கிறதா முக்கியம்? உள்ளே இருக்கிற ஃபைல்தானே? இந்த மாதிரி பெட்டிகள் சிலதை யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு மாட்டினால், அதுவே கார்டு ரீடராக வேலை செய்யும். அப்படிக் கிடைச்சா முதலில் காப்பி, அப்புறம் சர்ஜரி. லேப்டாப்பில் மாட்டினேன். டிரைவ் எழுத்து வந்தது! க்ளிக் பண்ணினால்... 'டிஸ்க்கை உள்ளே போடவும்.' அட, உள்ளே போய்த்தானேய்யா இவ்வளவு பிரச்னை! கார்டு முழுசா உட்காராததால் காண்டாக்ட்டில் படவில்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் சில பேருக்கு 'ஃபார்மேட் பண்ணவா?' என்று பாசமா ஒரு கேள்வி வரும். 'யெஸ்' அமுக்கிட்டு அப்புறம் அழக் கூடாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை. அண்ணன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தார். பார்த்துக்கிட்டே எனக்கு வைவா!

"தம்பி என்ன படிக்கீங்க?"

"ஈ.சி.இ. மூணாவது வருஷம்ணே."

"அப்ப இந்த ஸ்லாட் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கீர் ஆயில் குடிச்ச மாதிரி நின்றேன். அவரே ஒரு உடைஞ்ச போனின் சந்தைப் பிரிச்சுக் காட்டினார். அமுக்கினால் உள்ளே போய் நிற்கிறது, மறுபடி அமுக்கினால் வெளியே துள்ளுகிறது, இல்லையா? அந்த மாயத்தைப் பண்ணுவது சர்க்யூட்டே கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்லைடர், அதில் ஹார்ட்டின் வடிவத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஓடுகிற மெல்லிய கம்பி. முதல் அமுக்கில் கம்பி ஹார்ட்டின் பள்ளத்தில் போய் மாட்டிக்கும். அடுத்த அமுக்கில் அங்கிருந்து விலகி மறுபக்கமா வெளியே வந்திடும். (லவ் பற்றி இதைவிடச் சுருக்கமா எந்தக் கவிஞரும் சொன்னதில்லை!) ஸ்பிரிங்கே இல்லாத சந்தும் உண்டு. அதில் அமுக்கி அமுக்கி விரல் தேய்ந்தாலும் வராது, நகத்தால் இழுக்கத்தான் வேணும். நம்ம சந்து எந்த வகைன்னு தெரிஞ்சுக்காம மல்லுக்கட்டுவதில்தான் பாதிக் கார்டு சாகுதாம்.

"நம்மது ஸ்பிரிங் வகை. கம்பி சரியாத்தான் இருக்கு. கார்டு மேல ஏதோ ஒட்டியிருக்கு, அது சுருண்டு தகட்டுல மாட்டிக்கிச்சு. என்ன ஒட்டுனீங்க?"

அம்மாவுக்கு போன் அடிச்சேன். அம்மா மாமாவுக்கு அடிச்சாங்க. மர்மம் விலகியது. மாமா ஆச்சிக்கு ரெண்டு கார்டு கொடுத்திருக்கார். ஆச்சிக்குக் குழப்பம் வரக் கூடாதேன்னு ஒண்ணில் 'பக்தி', இன்னொண்ணில் 'பழசு' என்று பேப்பர் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கார். ஒரு பேப்பரின் கனம் சுமார் 0.1 மி.மீ. கார்டே ஒரு மி.மீ. என்கிறபோது அது பத்தில் ஒரு பங்கு! புதுசா இருக்கிறவரை நெருக்கிப் பிடிச்சுப் போய் வந்திருக்கு. பசை காய்ஞ்சு ஓரம் பிரிஞ்சதும், இழுக்க இழுக்கச் சுருண்டு ஆப்பு வெச்சிருச்சு. அன்பா ஒட்டினதுதான், என்ன பண்ண?

"விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பார்க்கேன். ஆனா ஒருவேளை கார்டு உடைஞ்சா என்னைக் கேக்கப்பிடாது" என்றார் அண்ணன். நியாயம்தான். ஆனால் மனசு வரவில்லை. ஐடியா மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கார்டுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் மெல்லிசா, வளையாத ஒரு பிளாஸ்டிக் பட்டையை விட்டு, ஸ்டிக்கரைப் படுக்கவைக்கணும். சரி, அப்படிப் பிளாஸ்டிக்குக்கு எங்கே போறது?

அம்மா பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய பழுப்புக் கவரை இழுத்தாங்க. ஆச்சியோட மூட்டு எக்ஸ்ரே!

"வெட்டிக்கோ. அவ மூட்டு வலிக்குத்தான் உதவலை, இதுக்காச்சும் உதவட்டும்."

பெட்டியில் நாலு ஸ்க்ரூ. ரெண்டு கண்ணுக்குத் தெரியும், ரெண்டு அடியில் ரப்பர் காலுக்குள் ஒளிஞ்சிருக்கும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் கழட்டி, ஸ்பீக்கர் வயர் அறுந்திடாமல் மூடியைப் புத்தகம் மாதிரி திறந்து வைத்தேன். எக்ஸ்ரே ஃபிலிமில் கார்டைவிடக் கொஞ்சம் குறுகலா ஒரு துண்டு வெட்டி, கார்டின் மேல்பக்கமா வழுக்கிவிட்டேன். நடுவில் தடுத்தது. அங்கேதான் வில்லன். இழுக்கவில்லை. கார்டை ஒரு நூல் உள்ளே தள்ளினேன், ஸ்டிக்கர் சுருள் பிரிய. ஃபிலிம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. மறுபடி ஒரு நூல் தள்ளல், மறுபடி ஃபிலிம். அம்மா டார்ச் பிடிச்சுக்கிட்டு மூச்சே விடவில்லை. இருபது நிமிஷம் இருக்கும். ஃபிலிமும் கார்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்ட மாதிரி சத்தமே இல்லாமல் வெளியே வழுக்கி வந்தது. பாதி கிழிஞ்ச ஸ்டிக்கரில் மாமா கையெழுத்து, 'பழ'.

கார்டை ரீடரில் போட்டதும் முதல் வேலையா மொத்தத்தையும் லேப்டாப்பில் காப்பி பண்ணினேன். வருஷக்கணக்கில் சும்மா கிடக்கிற ஃப்ளாஷ் மெமரியில் உள்ளே தங்கியிருக்கிற சார்ஜ் மெல்ல மெல்லக் கசியும் என்று படிச்சிருக்கேன். அந்த ஒரு விஷயமாவது எனக்குத் தெரிஞ்சிருந்ததே!

'RECORD' ஃபோல்டரில் 14 ஃபைல். பன்னிரண்டில் என் கீச்சுக் குரல், ஒண்ணில் மாடு. கடைசி ஃபைல் 4 எம்.பி. இருக்கு, பிளே பண்ணினால் 'பூஜ்ஜியம் விநாடி' என்கிறது. அம்மா முகம் விழுந்திடுச்சு. எனக்கு ஏனோ நம்பிக்கை இருந்தது. வேவ் ஃபைலின் தலையில் 'நான் இவ்வளவு நீளம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். இந்தப் பெட்டிகள் அதை ரெக்கார்டிங் முடிஞ்ச பிறகுதான் எழுதும். நடுவில் பேட்டரி செத்தால் குறிப்பு காலி, சத்தம் பத்திரம்! 'ஆடாசிட்டி' என்கிற இலவச சாஃப்ட்வேரில் 'ரா டேட்டா'வாகத் திறந்தேன். மற்ற ஃபைல்களில் இருந்த அதே கணக்கைக் கொடுத்தேன். 8,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. விநாடிக்கு 16,000 பைட் என்றால் 4 எம்.பி.க்கு நாலு நிமிஷம் சொச்சம் வரணும். ஆரம்பத்தில் 'டொப்'பென்று ஒரு சத்தம். அப்புறம்...

"ஆச்சி, எதாச்சும் பேசு."

"என்னத்தலே பேச? உங்கம்மைய கூப்பிடு. ஏட்டி, மேலத்தெருக்காரி நம்ம வீட்டு பித்தளை அண்டாவ கல்யாணத்துக்கு வாங்கிட்டுப் போனாளே, வந்துச்சாட்டி? வரலையா? வராது. நான் சொன்னேன்ல, வராது..."

நாலு நிமிஷமும் அண்டாதான். அதன் எடை, வாங்கின கடை, விளிம்பில் வெட்டியிருக்கிற பேர், மேலத்தெரு பெரியம்மா வாங்கிட்டுப் போன மற்ற பாத்திரங்களின் பட்டியல். அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மூணாவது தடவை கேட்கும்போது சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டாங்க, அதே ஆச்சி மாதிரி.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும்போது வீட்டில் அம்மாவைக் காணோம். மேலத்தெருவுக்குப் போயிருக்காங்க, போனில் அந்த ஃபைலை ஏத்திக்கிட்டு!

அண்டா இப்போ எங்க வீட்டு மச்சில் இருக்கு. 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' எக்ஸாம் வர்ற திங்கள்கிழமை.