ஒட்டினால் மட்டும் போதுமா?

ஒரு வியாபாரி. அவருக்கு மூன்று கடைகள். கடைக்கு ஒரு கணக்கு. மாதம் முடிந்ததும் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முன்பு கணக்குப்பிள்ளை இரவெல்லாம் கண் விழித்து எழுதினார். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது.

இதற்கு உதவும் சாதனங்களில் ஒன்று "பவர் பி.ஐ." மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ம் ஆண்டு அதை எல்லோருக்கும் வெளியிட்டது. அதில் "அப்பெண்ட்" என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு பட்டியலின் கீழே இன்னொரு பட்டியலை ஒட்டும். எல்லாம் ஒரே நீண்ட பட்டியல் ஆகிவிடும்.

வசதிதான். ஆனால், வந்த தொகையை அப்படியே நம்பலாமா? கூடாது!

தலைப்பு மாறினால்...

அப்பெண்ட், தலைப்பைப் பார்த்துத்தான் சேர்க்கிறது. இரண்டு கடைகளின் கணக்கில் "விற்பனை" என்று தலைப்பு இருக்கிறது. மூன்றாவது கடையில் "விற்ற தொகை" என்று போட்டுவிட்டார்கள். மனிதருக்கு இரண்டும் ஒன்று. எந்திரத்துக்கு வேறு வேறு! "விற்பனை"யின் கீழ் மூன்றாவது கடைக்கு உரிய இடம் வெறுமையாகக் கிடக்கும். ஆங்கிலத் தலைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் இதே கதிதான்.

"தவறு" என்று எந்திரம் சொல்லாது. சும்மா இருந்துவிடும்.

முதலாளி பார்க்கிறார். மூன்றாவது கடையில் விற்பனையே இல்லை! "கடையை மூடு" என்று உத்தரவு போட்டுவிட்டால்? அங்கே வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் என்ன ஆகும்? நன்றாக நடந்த கடை, ஒரு தலைப்பினால் கெட்டது என்று ஆகிவிடும்.

இன்னும் உண்டு

அதே சாதனத்தில் "யூனியன்" என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அது தலைப்பைப் பார்க்காது. வரிசையைத்தான் பார்க்கும். ஒரு பட்டியலில் இரண்டாவதாக ரூபாயும், மற்றொன்றில் இரண்டாவதாகக் கிலோவும் இருந்தால், ரூபாயோடு கிலோ கலந்துவிடும்!

ஒரே கணக்கை இரண்டு தடவை கொடுத்தால், இரண்டு தடவையும் சேர்த்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

ஒட்டுவதற்கு முன்பே எல்லாக் கடைகளுக்கும் ஒரே தலைப்பு, ஒரே வரிசை வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்தக் கடை என்று எழுத வேண்டும். ஒட்டிய பிறகு, கடைவாரியாகத் தொகையைக் கூட்டி, பழைய கணக்கோடு சரிபார்க்க வேண்டும்.

இதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டுமே!

ஒட்டுவது எந்திரத்தின் வேலை. ஒத்துப் பார்ப்பது மனிதரின் வேலை.