குழாய்க்குள் பெய்யும் மழையும் 'ஒத்துழைக்காத' நோயாளியும்

உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காகச் சி-பேப் கருவி பரிந்துரைக்கப்பட்டவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் அதைக் கைவிடுகின்றனர். மருத்துவக் குறிப்பேடு அவர்கள் அனைவரையும் 'ஒத்துழைக்கவில்லை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. குழாயில் தேங்கிய நீர் நள்ளிரவில் களகளவென்று ஒலித்து, முகக்கவசத்தின் வழியே மூக்கில் தெறித்ததால் விழித்தெழுந்து கருவியை அணைத்தவரும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். அவரது மன உறுதியைக் குறை கூறுமுன் அவர் படுத்திருந்த அறையின் வெப்பநிலையைக் கேட்டிருக்க வேண்டும்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவனும் அவருடைய சகாக்களும் ஐந்து நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து 1981இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். மூக்கின் வழியே தொடர்ந்து செலுத்தப்படும் காற்றழுத்தம் தொண்டைப் பாதை மூடிக்கொள்ளாமல் காக்கிறது என்பதே அதன் அடிப்படை. இரவு முழுவதும் வேகமாகப் பாயும் காற்று மூக்கின் உட்சவ்வை உலர்த்துவதால், சிறு நீர்த்தொட்டியைச் சூடாக்கிக் காற்றில் ஈரம் சேர்க்கும் ஏற்பாடு பின்னர் கருவியுடன் இணைந்தது. குழாயில் நீர் தேங்கும் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பனித்துளி வானத்திலிருந்து விழுவதில்லை. இரவில் குளிர்ந்த பரப்புகளின் மீது காற்றிலுள்ள ஆவியே நீராகப் படிகிறது. இதை 1814இல் தம் நூலில் விளக்கிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் ஒரு லண்டன் மருத்துவர். அவர் புல்வெளியில் கண்டதே சி-பேப் குழாயிலும் நிகழ்கிறது. 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். தொட்டியிலிருந்து 30 பாகையில், 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்துடன் புறப்படும் காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் ஆவி இருக்கும். அதன் பனிப்புள்ளி 26 பாகை. குழாயின் சுவர் அதைவிடக் குளிர்ந்தவுடன் நீர் படியத் தொடங்குகிறது.

இந்த நீர் எவ்வளவு இருக்கும்? நிமிடத்திற்கு 30 லிட்டர் வீதம் எட்டு மணி நேரத்தில் 14 கன மீட்டருக்கு மேல் காற்று குழாயைக் கடக்கிறது. அக்காற்று முழுவதும் 20 பாகைக்குக் குளிர்ந்தால் கன மீட்டருக்கு 7 கிராம் வீதம் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் பிரியும். பாதியளவே பிரிந்தாலும் குழாயின் தாழ்ந்த வளைவில் நீர் தேங்கிக் காற்றோட்டத்தைத் தடுமாறச் செய்ய அது போதும்.

இக்கணக்கை இந்தியாவின் படுக்கையறைகளில் பொருத்திப் பார்க்க வேண்டும். சென்னையின் ஆடி மாத இரவில், குளிர்சாதனம் இல்லாத அறையின் காற்றிலேயே கன மீட்டருக்கு 20 கிராம் அளவுக்கு ஈரம் இருக்கக்கூடும். அங்கே தொட்டியின் சூட்டைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். தில்லியின் தை மாத நிலை வேறு. அறையைச் சூடாக்கும் வசதியில்லாத வீட்டில் வெப்பநிலை 12 பாகைக்கு இறங்கினால் அக்காற்று 11 கிராமுக்கு மேல் ஆவியைத் தாங்காது. மூக்கு வறளாமலிருக்க ஈரம் சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்த ஈரமோ அதே குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாயில் நீராகிறது. ஈரம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில்தான் குழாயிலும் மழை மிகுதி. குளிர்சாதனத்தை 20 பாகையில் வைத்துறங்கும் சென்னைவாசியும் தம்மையறியாமல் ஒரு சிறு தில்லியை உருவாக்கிக்கொள்கிறார்.

'ஈரப்பதத்தைக் குறைத்து வையுங்கள்' என்ற வழக்கமான அறிவுரை இதனால்தான் பாதித் தீர்வாக நின்றுவிடுகிறது. குறைத்தால் நீர் தேங்காது. ஆனால் மூக்கு வறண்டு அடைக்கும், வாய் திறந்து காற்று கசியும், கசிவு வறட்சியை மேலும் கூட்டும். காற்றின் ஈரத்தைக் குறைக்காமல் குழாயின் சுவரைப் பனிப்புள்ளிக்கு மேல் வைத்திருப்பதே சரியான வழி. உள்ளே மின்கம்பி ஓடும் சூடேற்றும் குழாய் அதைச் செய்கிறது. அது இல்லாதவர்கள் குழாய்க்குத் துணியுறை போடலாம். குழாயின் பெரும்பகுதியைப் போர்வைக்குள் கொண்டுவரலாம். குளிர்சாதனக் காற்றும் மின்விசிறிக் காற்றும் குழாயின் மீது நேரே படாமல் பார்த்துக்கொள்ளலாம். கருவியைத் தலைமட்டத்திற்குக் கீழே வைத்தால் படியும் நீர் முகத்தை நோக்கி வராமல் தொட்டிக்கே திரும்பும். தொட்டியில் நீருடன் கருவியை ஒருபோதும் நகர்த்தலாகாது. நீர் மோட்டாருக்குள் புகுந்துவிடும். குழாயையும் தொட்டியையும் நாள்தோறும் வடித்து உலர்த்துவது நுண்ணுயிர்கள் பெருகாமலிருக்க இன்றியமையாதது.

இவற்றில் எதுவும் அரிய அறிவன்று. ஆயினும் கருவியை விற்பவர் காற்றழுத்தத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆங்கிலக் கையேடு பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. சூடேற்றும் குழாய் பல மாடல்களில் தனி விலைக்கு வாங்க வேண்டிய ஆடம்பரப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. மின்தடைக்கு அஞ்சி இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் குடும்பத்திற்குச் சூடேற்றும் எந்த உறுப்பும் கூடுதல் சுமையே. இத்தகைய சூழலில் நோயாளி தோற்பதை அவருடைய குணக்குறையாகப் பதிவு செய்வது நேர்மையாகாது.

ஆய்வுலகிற்கும் இதில் பொறுப்பு உண்டு. ஓர் இரவில் நான்கு மணி நேரம், பத்தில் ஏழு இரவுகள் என்ற அமெரிக்கக் காப்பீட்டு அளவுகோல், ஒத்துழைப்பை அளக்கும் கோலாக உலகெங்கும் பரவிவிட்டது. கருவியின் நினைவகம் எத்தனை மணி நேரம் அணிந்தார் என்பதைச் சொல்லும். ஏன் கழற்றினார் என்பதைச் சொல்லாது. சி-பேப் பயன்பாட்டை ஆராயும் மாணவர் தம் வினாநிரலில் அறை வெப்பநிலை, பருவம், குளிர்சாதனப் பழக்கம், குழாயில் நீர் தேங்கியதா என்ற நான்கு வினாக்களைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. அவற்றைச் சேர்க்காத ஆய்வு, தட்பவெப்பத்தின் விளைவை மனிதரின் அலட்சியமாகக் கணக்கெழுதும் அபாயத்தைச் சுமந்தே செல்கிறது.

சிகிச்சை பெறாத இந்நோய் உயர் இரத்த அழுத்தத்துடனும், பகலுறக்கத்தால் நேரும் சாலை விபத்துகளுடனும் தொடர்புடையது. ஆகவே கைவிடப்படும் ஒவ்வொரு கருவியும் ஓர் உயிரைப் பற்றிய செய்தி. பருவத்திற்கொருமுறை ஈரப்பத அமைப்பை மாற்றச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு, நோயாளியின் தாய்மொழியில், முதல் நாளிலேயே அவர் கையில் இருக்க வேண்டும். சூடேற்றும் குழாய் கருவியின் அடிப்படை விலைக்குள் வர வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறும் வரை 'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல்லை எழுதும் கை சற்றே தயங்குவது நல்லது.