சிதம்பரம் மேடையில் சொல்லப்படாத பெயர்கள்

ஐரோலியில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து போனால், ஏதாவது ஒரு சொசைட்டி ஹாலில் இருந்து தட்டுக்கழிச் சத்தம் கேட்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு சிறுமிகள் அரைமண்டியில் நிற்பார்கள். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் காத்திருப்பார்கள். அவர்களது பேச்சில் அடிக்கடி வரும் ஊர், சிதம்பரம்.

மகா சிவராத்திரியையொட்டி அங்கே நடக்கும் நாட்டியாஞ்சலியில் பிள்ளை ஒரு முறையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவர்களது ஆசை. தானே போய், தாதர் போய், சென்னை போய், அங்கிருந்து இன்னொரு ரயில். டிரஸ், வாடகை நகை, சாப்பாடு எல்லாம் கைக்காசு. மேடையில் கிடைப்பது 15 அல்லது 20 நிமிடம். ஆடி முடித்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

போகட்டும், தவறில்லை. ஆனால் அந்த மேடை எப்படி வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1981-ல் தொடக்கம்

நாட்டியாஞ்சலி பழங்காலத்து விழா அல்ல. 1981-ம் ஆண்டுதான் தொடங்கியது. கபிலா வாத்ஸ்யாயன், தொல்லியல் அறிஞர் நாகசாமி போன்றோர் அதற்குத் துணை நின்றனர். கோபுர வாசல்களில் 108 கரணங்களைச் செதுக்கி வைத்த கோவிலில், ஆடவல்லானுக்கு முன்னால் மீண்டும் சலங்கை ஒலித்தது. பிறகு தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருநள்ளாறு என்று பல ஊர்களிலும் நாட்டியாஞ்சலி பரவியது.

கோவில் நிர்வாகம் தீட்சிதர்களுக்கே என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, அறக்கட்டளையின் விழா கோவிலுக்கு வெளியே போயிற்று. உள்ளே தீட்சிதர்கள் தனியாக நடத்தினார்கள். ஒரு விழா இரண்டாயிற்று. எந்த மேடை உண்மையானது என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய கேள்வி வேறொன்று இருக்கிறது.

1981-ல் “மீண்டும்” ஒலித்தது என்றால், அதற்கு முன்பு ஏன் நின்றது?

கல்லில் வெட்டிய பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோவிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான் ராஜராஜன். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்த ஊரில் இருந்து வந்தாள் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தான். நட்டுவனார்களுக்கும் பங்கு எழுதினான்.

பிற்காலத்தில் அந்த வழக்கம் சீரழிந்தது. பொட்டுக்கட்டுவதைத் தடுத்து 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல ஆண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த பலன். அது நல்லதுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கொடுமையோடு சேர்த்து, அந்தக் குடும்பங்களின் மரியாதையையும் பிழைப்பையும் ஊர் பறித்துக்கொண்டது. சதிர் “பரதநாட்டியம்” என்ற புதுப் பெயரோடு சபா மேடை ஏறியது. 1981-ல் ஆட்டம் கோவிலுக்குத் திரும்பியது. அந்தக் குடும்பங்கள் திரும்பினவா?

மாட்டுங்காவுக்கு வந்த நட்டுவாங்கம்

மும்பைத் தமிழர்கள் இதை மறக்கவே கூடாது. 1945-ல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கியது. நடத்தியவர்கள் திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார், பரம்பரை நட்டுவனார்கள். இந்த நகரத்தில் எத்தனையோ வீட்டுப் பெண்கள் ஆடக் கற்றது இவர்களிடம்தான்.

இன்னொன்று. அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று பிள்ளைகள் ஆடும் வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சைச் சகோதரர்கள் நால்வர். அவர்களை ஆதரித்தது தஞ்சை மராட்டிய அரசவை. மராட்டிய மண்ணில் பிழைக்கும் தமிழனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேண்டுமா? அரங்கேற்ற அழைப்பிதழில் கேட்டரிங்காரர் பெயர்கூட இருக்கிறது. இந்த நால்வரைக் காணோம்!

மேடையில் மைக் பிடிப்பவர் குழந்தையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்கிறார். எந்த பாணி, அது எந்த நட்டுவனார் வழி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அரை நிமிடம் கூடுதலாக ஆகும். பெற்றோர்கள் கேட்டால் ஆசிரியைகள் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். ஆடி முடித்த கையோடு கிளம்பாமல், அடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதையும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சிவராத்திரிக்கான ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். நான்கு பெயர்களைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அதுவரை நாள் இருக்கிறது.