டெலிகொம்மை விற்பதா, பிரிப்பதா: நாம் கேட்க வேண்டிய கேள்வி

ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தில் அரசுக்குள்ள பங்குகளை விற்கும் திட்டத்துக்கு ரணில் விக்கிரமசிங்க அரசாங்கத்தின் அமைச்சரவை 2023 மார்ச்சில் அனுமதி வழங்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி கிடைத்த அதே காலம் அது. 2024 ஜனவரியில் இந்தியாவின் ஜியோ பிளாட்ஃபோர்ம்ஸ், சீனாவின் கோர்ட்யூன் ஆகிய இரண்டும் அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. செப்டெம்பரில் ஆட்சி மாறியது. தேசிய மக்கள் சக்தி அரசாங்கத்தின் கீழ் விற்பனைப் பேச்சு நின்றுபோனது.

விற்பனை நின்றதோடு விவாதமும் நின்றுவிட்டது. இந்த நிறுவனம் எப்படி அமைந்திருக்க வேண்டும், அதை யார் கண்காணிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு எந்த அரசாங்கமும் பதில் சொல்லவில்லை. தமிழ்ப் பிரதிநிதிகளும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கொழும்பு வணிக விவகாரமாகவே பார்த்தார்கள். அது தவறு என்பது என் கருத்து.

டெலிகொம் இன்று முழுமையான அரச நிறுவனம் அல்ல. திறைசேரியிடம் இருப்பது 49.5 சதவீதம். மலேசிய முதலீட்டாளர்களின் கையில் உள்ள குளோபல் டெலிகொம்யூனிகேஷன்ஸ் ஹோல்டிங்ஸிடம் 44.98 சதவீதம் இருக்கிறது. பொதுமக்கள் பங்குச் சந்தையில் வாங்கியது மிகுதிச் சிறு பகுதிதான். முதலாவது வெளிநாட்டு விற்பனை 1997 ஆகஸ்டில் நடந்தது. அப்போது சந்திரிகா அரசாங்கம் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு 35.2 சதவீதப் பங்கை 225 மில்லியன் டொலருக்கு விற்று, முகாமைத்துவப் பொறுப்பையும் கொடுத்தது. வன்னியில் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு. 2023 ஜூனில், சரத் வீரசேகர தலைமையிலான தேசிய பாதுகாப்புக்கான பாராளுமன்ற மேற்பார்வைக் குழு, டெலிகொம் தனியார்மயமானால் தேசிய பாதுகாப்புக்கு ஆபத்து என்று அறிக்கை வெளியிட்டது. யுத்தத்தின் உச்சத்தில் ஜப்பானியரிடம் முகாமைத்துவம் இருந்தபோது எழாத ஆபத்து, யுத்தம் முடிந்து 14 வருடங்களின் பின் எப்படி எழுந்தது? அதைவிட, யாருடைய பாதுகாப்பைப் பற்றி இங்கே பேசுகிறார்கள்?

எமது அனுபவத்தில் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்படுவதும் யுத்தத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கைப்பேசிச் சேவைகளும் துண்டிக்கப்பட்டன. அரிசிக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றவர்கள், கொழும்பிலோ கனடாவிலோ இருந்த பிள்ளைகளுக்கு “உயிரோடு இருக்கிறோம்” என்று சொல்லவும் வழியில்லாமல் இருந்தார்கள். 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் நாட்டுக்குள் முடக்கப்பட்டது. அரச பங்குள்ள டெலிகொம்மும் தனியார் நிறுவனங்களும் அதை ஒரேமாதிரியாகவே நிறைவேற்றின. சொத்து யாருடையது என்பது அன்று எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. கட்டளை இட்டவரைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு இல்லாததுதான் உண்மையான பிரச்சினை.

பின்னர் இதே கருவி தெற்கின் மீதும் திரும்பியது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் அரகலய தொடங்கியபோதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வடக்கில் பழகிய கை நாடு முழுவதற்கும் நீண்டது.

அந்தக் கை எங்கிருந்து நீள்கிறது என்று பார்ப்போம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் தலைவர், பொறுப்பான அமைச்சின் செயலாளர். திறைசேரி என்ற பெயரில் அரசு டெலிகொம்மின் மிகப் பெரிய பங்காளி. ஒழுங்குபடுத்துபவர் என்ற பெயரில் அதே அரசு நடுவராகவும் நிற்கிறது. 2019 டிசம்பரில் கோத்தபாய ராஜபக்ஷ இந்த ஆணைக்குழுவைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார். ஆட்டக்காரரும் நடுவரும் ஒரே ஆள்; ஒரு கட்டத்தில் அந்த ஆளுக்குச் சீருடையும் இருந்தது.

விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் அப்பால் மூன்றாவது வழியொன்றை உலகம் பரீட்சித்திருக்கிறது. அதுதான் பிரிப்பது. அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 1984 ஜனவரி 1 அன்று உடைக்கப்பட்டு, உள்ளூர்ச் சேவைகள் ஏழு பிராந்தியக் கம்பனிகளாயின. தூர அழைப்புக் கட்டணங்கள் குறைந்தன. உள்ளூர்க் கட்டணம் ஆரம்பத்தில் கூடியது. பிரித்தானியா 2006 இல் பி.ரி. நிறுவனத்துக்குள் ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவை உருவாக்கியது. கம்பிகளையும் குழாய்களையும் அந்தப் பிரிவு பார்த்துக்கொள்ளும், பி.ரி.க்குக் கொடுக்கும் அதே நிபந்தனையில் போட்டியாளருக்கும் கொடுக்க வேண்டும். நியூஸிலாந்து 2011 இல் வலையமைப்பைக் கோரஸ் என்ற தனிக் கம்பனியாகவே பிரித்துவிட்டது.

இலங்கையும் பிரிப்பதற்குப் புதிதல்ல. மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புதிய அரசாங்கம் 2025 இல் அதைத் திருத்தியதே தவிரப் பிரிக்கும் எண்ணத்தைக் கைவிடவில்லை. மின்சாரத்துக்குப் பொருந்தும் தர்க்கம் தொலைபேசிக்கு ஏன் பேசப்படவில்லை?

ஏகபோகம் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எம்மவர்கள் கைக்காசால் அறிந்தவர்கள். என்.ரி.ரி. உடன்படிக்கையோடு சர்வதேச அழைப்புகளின் தனியுரிமை 2002 ஆகஸ்ட் வரை டெலிகொம்முக்கே இருந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் கொமினிகேஷன் கடைகளில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வெளிநாட்டுக்குப் பேசிய காலம் அது. தனியுரிமை முடிந்து, 2003 இல் வேறு நிறுவனங்களுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் கிடைத்த பின்னரே அந்த விலை விழத் தொடங்கியது.

இன்று நிலைமை மறுபக்கமாகப் போகிறது. ஒருகாலத்தில் ஐந்தாக இருந்த கைப்பேசி நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன. எடிசலாட்டை ஹட்ச் 2018 இல் உள்வாங்கியது. எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்கோடு இணைந்தது. மூன்றாமவர் டெலிகொம்முக்கே முழுமையாகச் சொந்தமான மொபிடெல்.

நான் வசிக்கும் பேலியகொடையில் இதன் பொருளை நாளாந்தம் காணலாம். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பிடிபடும் மீன் விடியுமுன் இங்குள்ள மத்திய மீன் சந்தைக்கு வருகிறது. பக்கத்திலேயே மெனிங் சந்தைக்கு வடக்கின் மரக்கறி வருகிறது. கரையில் நிற்கும் தொழிலாளி இங்கு என்ன விலை போகிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டால்தான் முதலாளி சொல்லும் விலை நியாயமா என்று தெரியும். சிக்னல் இல்லாத கரையில், கட்டணம் கட்ட முடியாத கையில், அந்தப் பேரம் பேசும் பலம் இல்லை. யுத்தத்தில் படகையும் வலையையும் இழந்து கடனில் மீண்டவருக்கு இது சின்ன விடயமல்ல.

ஆனால் பிரிப்பதை மருந்தென்று கண்மூடி ஏற்கவும் முடியாது. தொழிற்சங்கங்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இலாபம் தரும் கொழும்பும் மொபிடெல்லும் ஒரு கம்பனியாகவும், நட்டம் தரும் கிராமக் கம்பிகள் இன்னொரு கம்பனியாகவும் பிரிந்தால், முதலில் கைவிடப்படுவது துணுக்காயும் வாகரையும்தான். நகரத்து வருமானம் கிராமத்தைத் தாங்கும் ஏற்பாடு அறுந்துபோகும். ஆகவே பிரிப்பதாயின், வலையமைப்புக் கம்பனி பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். பின்தங்கிய பிரதேசங்களுக்குச் சேவை வழங்கும் கடமை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் மீது, கிராமங்களுக்குத் தொலைபேசி கொண்டுசெல்லவென்று, ஒரு அபிவிருத்தி அறவீடு விதிக்கப்பட்டது. புலம்பெயர்ந்த எம்மவரின் அழைப்புகளும் அதில் அடங்கும். அந்தப் பணத்தில் எவ்வளவு வன்னிக்கும் மட்டக்களப்புப் படுவான்கரைக்கும் போனது என்று எமது உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் கேட்கலாம்.

என் பார்வையில் எமது கோரிக்கைகள் மூன்று. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தலைமை அமைச்சின் செயலாளரிடமிருந்து எடுக்கப்பட்டு, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு நியமிக்கப்படும் சுயாதீனமான ஒருவரிடம் போக வேண்டும். சேவையைத் துண்டிக்கும் எந்தக் கட்டளையும் எழுத்தில், காரணத்தோடும் கால எல்லையோடும் வெளியிடப்பட்டு, நீதிமன்றத்தில் கேள்விக்குட்படக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கம்பிகளும் கோபுரங்களும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விலையில் கிடைக்கும்படி டெலிகொம்மின் வலையமைப்பும் சேவையும் குறைந்தது கணக்கிலாவது உடனடியாகப் பிரிக்கப்பட வேண்டும்.

முதலிரண்டு கோரிக்கைகளுக்கும் பங்கு விற்கவோ கம்பனியை உடைக்கவோ தேவையில்லை. ஒரு சட்டத் திருத்தம் போதும். அதற்கான பெரும்பான்மை இன்றைய அரசாங்கத்திடம் தாராளமாக இருக்கிறது. அதைச் செய்யாமல் “டெலிகொம் தேசிய சொத்து, விற்கமாட்டோம்” என்று மட்டும் சொல்வது, 2006 இல் இணைப்பைத் துண்டித்த அதிகாரத்தை அப்படியே பத்திரமாக வைத்திருப்பதற்குச் சமன்.