படத்தில் லட்சுமி! பட்டாசு அறையில் யார்?

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களையும், பட்டாசுக் கட்டுகளையும் சற்று உற்றுப் பாருங்கள். லட்சுமி தாமரையில் நின்று காசு கொட்டுகிறாள். இல்லாவிட்டால் புருஷன் காலைப் பிடிக்கிறாள். பெண்ணுக்கு இந்த இரண்டு வேலைதானா என்று கேட்டால், நாஸ்திகம் என்கிறார்கள்.

லட்சுமி வெடியைக் கொளுத்தினால் தாயார் படம் கிழிந்து காலில் மிதிபடுகிறதே என்று மனம் புண்படுகிற பக்தர்கள் உண்டு. சரி, 2021 பிப்ரவரி 12ந் தேதி சாத்தூருக்கு அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து, பெண்கள் உட்பட 20 பேருக்கு மேல் மாண்டார்களே, அப்பொழுது அந்த மனம் எங்கே போயிற்று? காகித லட்சுமி கருகினால் பாவம்; இரத்தமும் சதையுமான பெண் கருகினால் மாத்திரம் தலைவிதியோ?

செல்வத்துக்கே தெய்வம் பெண் என்று பெருமை பேசுகிறவர்கள், பெண்ணுக்குச் சொத்துக் கொடுத்த யோக்கியதை என்ன? 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சமபங்கு கேட்டது. 1931ல் இதே விருதுநகரிலும் மகாநாடு கூடிற்று. ஆனால் பிதிரார்ஜிதத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு என்பது தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏறியதோ 1989ல்! 60 வருஷம் லட்சுமி படத்துக்குச் சூடம் காட்டினார்களே தவிர, வீட்டு லட்சுமிக்குப் பங்கு காட்டினார்களா?

ஆகையால், காலண்டர் போடும் முதலாளிகளே! திரி செருகி, சரம் பின்னி, தீக்குச்சி அடுக்கும் பெண்ணின் படத்தை ஒரு மாதத்திற்காவது போடுங்கள். அவளுக்குப் பூஜை வேண்டாம். நியாயமான கூலியும், உயிருக்குக் காவலும் போதும்.