மீட்டரைப் படமெடுத்து அனுப்பும்மா!

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து அண்ணன் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். மேற்படிப்புக்காக அவள் அங்கே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் இரண்டு குளிர்சட்டை, அதற்கும் மேல் போர்வை.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டேன்.

"எங்கேயும் இல்ல சித்தப்பா, வீட்டுக்குள்ளதான் இருக்கேன். ஹீட்டரை அடைச்சிட்டோம். கேஸ் பில் கட்டி முடியல."

மூன்று மலேசியப் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய வரிசை வீடு அது. டிசம்பர் மாதத்துக்கு எரிவாயு மட்டும் 161 பவுண்டு. அதைப் பார்த்ததிலிருந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் சூடு வைத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இருமல் நிற்கவே இல்லை. படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்பாவிடம் இன்னும் பணம் கேட்க இவளுக்கு மனமில்லை. அதனால்தான் சித்தப்பாவுக்கு அழைப்பு.

"குளிர் நாடு, அப்படித்தான் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டிருப்பேன். ஆனாலும் பழக்கதோஷம், பில்லை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் 2,692 கிலோவாட் மணி என்று போட்டிருந்தது. இந்த எண் நமக்கு ஒன்றும் சொல்லாது. நாம் அறிந்தது கேஸ் தோங்தானே? அந்தக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். நம் சமையலறையில் இருக்கும் 14 கிலோ தோங்கில் ஏறக்குறைய 190 கிலோவாட் மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் மூன்று பெண்கள் ஒரே மாதத்தில் 14 தோங் எரித்திருக்கிறார்கள்! பெரிய பங்களாவில் இரவு பகலாக ஹீட்டர் ஓடினால் நம்பலாம். காலையிலும் மாலையிலும் மட்டும் சூடு வைத்த சின்ன வீட்டில் இது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

"மீட்டரைப் படமெடுத்து அனுப்பும்மா" என்றேன்.

இரண்டு வகை மீட்டர்

பிள்ளைகளை பிரிட்டனுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும், வேலைக்காக அங்கே போகவிருக்கும் இளையோரும் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பிரிட்டனில் வீட்டு எரிவாயு குழாய் வழியாக வருகிறது. மீட்டர் அளப்பது வெப்பத்தை அல்ல, வாயுவின் கன அளவை. பழைய மீட்டர்கள் கன அடியில் அளக்கும், புதியவை கன மீட்டரில் அளக்கும். பழையவற்றில் கருப்பு எண்கள் பெரும்பாலும் நான்கு இருக்கும். அதன் முகப்பில் 'எஃப்டி' என்ற ஆங்கில எழுத்துகளும் தலையில் சிறிய 3-உம் இருக்கும். புதியவற்றில் புள்ளிக்கு முன் ஐந்து எண்கள், 'எம்' எழுத்தின் தலையில் சிறிய 3. சிவப்பு எண்களையும் புள்ளிக்குப் பின் வரும் எண்களையும் விட்டுவிட வேண்டும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பழைய மீட்டரில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எனவே பழைய மீட்டர் வீட்டுக்கு மட்டும் யூனிட்டை முதலில் 2.83-ஆல் பெருக்குவார்கள். அதன் பிறகு இரண்டு வகைக்கும் கணக்கு ஒன்றுதான். வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஈடாக 1.02264-ஆல் பெருக்கி, அந்த வாயுவின் வெப்ப மதிப்பால் (சுமார் 39 முதல் 40 வரை, பில்லிலேயே அச்சாகியிருக்கும்) பெருக்கி, 3.6-ஆல் வகுத்தால் கிலோவாட் மணி வந்துவிடும். இவ்வளவும் நினைவில் நிற்காது என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. புதிய மீட்டரில் ஒரு யூனிட் என்பது ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. பழையதில் ஏறக்குறைய 32.

அவள் அனுப்பிய படத்தில் 'எம்' தெளிவாகத் தெரிந்தது. ஐந்து எண் உள்ள புதிய மீட்டர். டிசம்பர் தொடக்கத்தில் 04312, முடிவில் 04397. ஆக 85 யூனிட். குறுக்குவழியில் பார்த்தால் 935. வெப்ப மதிப்பு 39.4 என்று போட்டு முழுக் கணக்கும் செய்தால் 951. பில்லிலோ 2,692!

951-ஐ 2.83-ஆல் பெருக்கிப் பாருங்கள். பில்லின் இரண்டாம் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், அந்த 2.83 உட்கார்ந்திருந்தது. எப்போதோ பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியிருக்கிறார்கள். நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டும் பழைய மீட்டரே உயிரோடு இருந்திருக்கிறது.

ஒரு கிலோவாட் மணிக்கு 6 பென்ஸ் வீதம் அவர்கள் கட்ட வேண்டியது 57 பவுண்டு. கட்டியது 161. அக்டோபர், நவம்பரிலும் இதே கதைதான். மூன்று மாதத்தில் 187 யூனிட்டுக்குச் சுமார் 230 பவுண்டு கூடுதலாகப் போயிருந்தது. நம் பணத்தில் ஆயிரம் வெள்ளிக்கு மேல். பணம் போனதைவிட, ஒரு எண் பிசகியதால் மூன்று பிள்ளைகள் குளிரில் கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பில்லில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

எல்லாப் பெரிய பில்லுக்கும் இது காரணம் ஆகாது. இன்னும் அதிகம் நடப்பது உத்தேசக் கணக்கு. ரீடிங் பக்கத்தில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மீட்டரை யாரும் பார்க்கவில்லை, ஊகித்துப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எரித்த அளவை வைத்துக்கூட ஊகம் வரலாம். எனவே சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படமெடுத்து, தேதியோடு நிறுவனத்துக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அனுப்புங்கள். வீடு காலி செய்யும் நாளிலும் மறக்க வேண்டாம்.

வங்கியிலிருந்து மாதம்தோறும் தானாகக் கழியும் தொகையையும் பில் என்று நினைத்துக் குழம்பக் கூடாது. ஆண்டு முழுவதற்குமான உத்தேசச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து எடுப்பதே அங்கே பரவலான வழக்கம். கோடையில் பணம் சேரும், குளிர்காலத்தில் கரையும். உண்மையில் எவ்வளவு எரித்தோம் என்பதை பில்லில்தான் பார்க்க வேண்டும். வாயுவே எரிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் நிலைக்கட்டணம் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்.

புகார் எப்படி?

மீட்டரின் முகப்பும் அதன் வரிசை எண்ணும் தெரிகிற படம், பில்லின் அந்தக் கணக்குப் பக்கம், நாம் போட்ட சரியான கணக்கு. இந்த மூன்றையும் எழுத்து வடிவில் அனுப்பச் சொன்னேன். தொலைபேசியில் பேசினால் பேசியவர் மாறிக்கொண்டே இருப்பார், எழுத்து நிற்கும். ஐந்து வாரம் இழுத்தார்கள். கடைசியில் பதிவைத் திருத்தி, கூடுதல் பணத்தைக் கணக்கில் வரவு வைத்தார்கள்.

எட்டு வாரமாகியும் தீர்வு கிடைக்காவிட்டால் 'எனர்ஜி ஓம்புட்ஸ்மன்' என்ற சுயேச்சை அமைப்பிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற அமைப்பும் இலவசமாக வழிகாட்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய கன அடி மீட்டருக்குப் புதிய மீட்டர் கணக்கு போட்டால் பில் மூன்றில் ஒரு பங்காக வரும். 'நமக்கென்ன, லாபம்தானே' என்று இருந்துவிடாதீர்கள். தவறு தெரிந்ததும் பாக்கியைக் கேட்பார்கள். அவர்கள் பிழையால் பில் போடாமல் விட்டதில் 12 மாதத்துக்கு முந்தையதை வசூலிக்கக் கூடாது என்பது அங்குள்ள எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2018-இல் கொண்டுவந்த விதி. ஆனால் 12 மாதப் பாக்கியே ஒரு மாணவரின் கையிருப்பைத் துடைத்துவிடும்.

சரியான பில்லையும் குறைக்கலாம்

திருத்திய பிறகும் டிசம்பருக்கு 951 கிலோவாட் மணி, அதாவது ஐந்து தோங். நம் வீட்டில் ஒரு தோங் சமையலுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ வருகிறது. அங்கே அடுப்பு தின்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அறைகளைச் சூடாக்கவும் குளியல் வெந்நீருக்கும் போகிறது.

இங்கே வெயிலில் வந்ததும் ஏர்கோனை 16-இல் வைப்போமே, அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோகிறோம். தெர்மோஸ்டாட்டை 30-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 19 டிகிரியை அடைய ஆகும் நேரம் ஒன்றுதான். அதைத் தாண்டியும் எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவே. 18-க்கும் 21-க்கும் இடையில் வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது நல்லது. யாரும் புழங்காத அறையில் ரேடியேட்டர் குமிழைக் குறைத்து வைக்கலாம். ரேடியேட்டரை ஒட்டி சோபாவைப் போட்டால் சோபாதான் சூடாகும்.

தொட்டி இல்லாமல் வெந்நீரை உடனுக்குடன் தரும் 'கோம்பி' பாய்லராக இருந்தால், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைத்து வைத்தால் வாயு மிச்சமாகும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், தொட்டியில் கிருமி வளரும் ஆபத்து உண்டு. எதுவானாலும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

சூட்டை முழுக்க அடைத்துவிட்டு, ஈரத் துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சை வரும். மிச்சம் பிடித்த பணம் மருந்துக்குப் போய்விடும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பாய்லர் போன்ற நிலையான எரிகருவி உள்ள அறையில் வீட்டுக்காரர் அதற்கான அலாரம் பொருத்தியாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றிதழின் நகலையும் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். வாயு வாடை அடித்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, 0800 111 999 எண்ணை அழைக்க வேண்டும். பிள்ளையின் கைப்பேசியில் இந்த எண் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. மீட்டர், அதன் கீழே ஐந்து எண்கள். போன முறை கூடவே இன்னொரு படமும் அனுப்பியிருந்தாள். மூவரும் வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். தொப்பி இல்லை, போர்வையும் இல்லை.

நானும் அன்றே வெளியே போய் நம் வீட்டு மின்சார மீட்டரில் உள்ள எண்ணையும் தெனாகா பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடமாகிறது, அதுதான் முதல் தடவை. எண் சரியாகத்தான் இருந்தது. நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.